உருண்டைக்குச் சட்டை தைத்த கதை: 600 மி.மீ. நிலவுக் கோளம், ஒரு நிகழ்வு ஆய்வு

விட்டம் 600 மி.மீ. கொண்ட ஃபைபர் கோளம் ஒன்று. அதன் மேல் இண்டு இடுக்கு விடாமல் நிலவின் படத்தை வினைலில் (பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம்) அச்சடித்து ஒட்டித் தர வேண்டும். கோளம் ஒரு காட்சிக்கூடத்தின் கூரையிலிருந்து தொங்கப்போகிறது. பார்ப்பவர்கள் அதைச் சுற்றி நடப்பார்கள், அடியில் நின்று அண்ணாந்தும் பார்ப்பார்கள். ஆக, மறைத்துக்கொள்ள முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது.

படம் கிடைப்பதில் சிரமமில்லை. 2009-இல் நாசா அனுப்பிய லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் எடுத்த படங்களைக் கோத்து உருவாக்கிய முழு நிலவு வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அது நீள்சதுரப் படம், உயரத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். இடமிருந்து வலம் 360 டிகிரி தீர்க்கரேகை, மேலிருந்து கீழ் 180 டிகிரி அட்சரேகை. நான் அதை 16384 × 8192 பிக்சலுக்குக் குறைத்துக்கொண்டேன். கோளத்தின் நடுக்கோட்டுச் (பூமியில் பூமத்தியரேகை போல) சுற்றளவு 1885 மி.மீ. என்பதால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 220 பிக்சல் கிடைக்கிறது. ஓரடி தூரத்தில் நின்று பார்த்தாலும் இது போதும்.

நிலவின் ஆரம் 1737 கி.மீ. நம் கோளத்தின் ஆரம் 300 மி.மீ. அதாவது 1 மி.மீ.க்கு 5.8 கி.மீ. கோபர்நிகஸ் பள்ளம் 16 மி.மீ. வட்டமாகவும், டைக்கோ 15 மி.மீ. வட்டமாகவும் விழும். இந்த வட்டங்கள்தான் இந்த வேலையின் நீதிபதிகள். பூமி உருண்டையில் ஒரு கடற்கரை கொஞ்சம் கோணலாகப் போனால் யாருக்கும் தெரியாது. நிலவில் அப்படித் தப்ப முடியாது. முகமெல்லாம் வட்டங்கள், எது முட்டையாக நசுங்கினாலும் கண் உடனே பிடித்துவிடும்.

ஏன் தானாக விரியாது

குழாயின் மேல் ஒட்டிய தாளை உரித்துத் தரையில் போட்டால் படிந்து கிடக்கும். கூம்பும் அப்படியே. கோளம் மட்டும் ஒத்துழைக்காது. காரணத்தை 1827-இல் கார்ல் பிரீட்ரிக் காஸ் நிறுவினார். ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் எப்படி வளைத்தாலும், ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கென்று இருக்கும் வளைவெண் மாறாது. தட்டைத் தாளின் வளைவெண் பூஜ்யம். குழாய்க்கும் கூம்புக்கும் பூஜ்யம்தான், ஒரு திசையில் மட்டுமே அவை வளைகின்றன. கோளத்துக்கோ அது ஆரத்தின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்த எண், எந்த நாளும் பூஜ்யமாகாது. ஆகவே கோளத்தை விரிக்கும்போதும், விரித்ததைத் திரும்ப ஒட்டும்போதும், எங்காவது இழுவையோ சுருக்கமோ வந்தே தீரும். எந்த மென்பொருளாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. எங்கே வரட்டும், எந்த வகையில் வரட்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் நம் கையில் இருக்கிறது.

பழைய ஆட்கள் இதற்குக் கண்ட வழி சுளை. கோளத்தைத் தீர்க்கரேகைகளின் வழியே கீறி, ஆரஞ்சுச் சுளையின் முதுகைப் போல இரு முனையும் கூர்மையான துண்டுகளாக அச்சடித்து, பக்கம் பக்கமாக ஒட்டுவது. உருண்டைக்கென்று அச்சான சுளைகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது 1507-இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் வெளியிட்ட தாள். ‘அமெரிக்கா’ என்ற பெயரும் அதில் இருக்கிறது. அதில் சுளைகள் 12. பசை தடவிய தாள் ஈரத்தில் ஊறி விரிந்துகொடுக்கும், காயும்போது இறுகிக் கோளத்தைப் பிடித்துக்கொள்ளும். உருண்டை செய்தவர்கள் அந்த விரிவையும் கணக்கில் சேர்த்தே வேலை செய்தார்கள். பொருளின் குணத்தைக் கணக்குக்குள் கொண்டுவரும் அந்தப் பழக்கத்தை நான் மறந்துபோனதுதான் இந்த வேலையில் என்னுடைய முதல் இரண்டு வாரங்களைத் தின்றது.

நானும் 12 சுளை என்றே முடிவெடுத்தேன். சுளையின் நடுவரி, அதாவது முனையிலிருந்து முனைக்கு நடுவே ஓடும் கோடு, கோளத்தில் 942.5 மி.மீ. இருக்கும். ஒரு சுளையைத் தட்டையாக வரையும்போது அதன் விளிம்பு நடுவரியைவிட நீளமாகிவிடுகிறது. கோளத்தின் மேல் இரண்டும் ஒரே நீளம். 12 சுளை என்றால் விளிம்பில் வரும் மிகை 16 மி.மீ., 16 சுளைக்கு 9, 24 சுளைக்கு 4, 36 சுளைக்கு 2-க்கும் குறைவு. சுளைகளை இரட்டித்தால் மிகை நான்கில் ஒன்றாகிறது. அப்படியானால் 36 வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 12 சுளைக்கே மூட்டுகளின் மொத்த நீளம் 11 மீட்டரைத் தாண்டுகிறது. 36 என்றால் 34 மீட்டர். ஒவ்வொரு மூட்டும் தூசி நுழைய, ஓரம் கிளம்ப, படம் விலக ஒரு வாய்ப்பு. துண்டைக் குறைத்து, ஒவ்வொரு துண்டையும் சரியாகச் செய்வதே நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் முயற்சி: மென்பொருளை நம்பியது

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு யூவி கோளத்தைப் (கட்டம் கட்டமாகப் பிரித்த கோளம்) போட்டு, தீர்க்கரேகைகளில் சீம் (கீறும் கோடு) குறித்து, அன்ராப் (தட்டையாக விரிப்பது) செய்தேன். இங்கேயே இரண்டு இடறல்கள். பிளெண்டர் தானாகத் தரும் கோளத்துக்குச் சுற்றிலும் 32 பிரிவு. 32-ஐ 12-ஆல் சமமாகப் பிரிக்க முடியாது. அதோடு, பிரிவு குறைந்தால் கோளம் உண்மையில் பலகோணமாகிவிடும், வளைவின் இடத்தில் நேர்கோடு வரும். 32 பிரிவில் சுற்றளவு 3 மி.மீ. குறைந்துபோகிறது. 96 பிரிவும் 48 வளையமும் வைத்தபின் அந்தக் குறை அரை மி.மீ.க்கும் கீழே போனது. சுளைக்கு 8 பிரிவு என்று கணக்கும் நேரானது.

பெரிய இடறல் அன்ராப் முறையில் இருந்தது. கோணத்தை அடிப்படையாகக் கொண்ட விரிப்பு, பெயருக்கேற்ப கோணங்களைக் காப்பாற்றும். வட்டம் வட்டமாகவே இருக்கும். திரையில் பார்த்து மகிழ்ந்துபோனேன், ஒரு பள்ளம்கூட நசுங்கவில்லை. ஆனால் கோணத்தைக் காப்பாற்ற அது அளவைப் பலிகொடுக்கிறது. நடுக்கோட்டில் சுளையின் நடு அசல் அளவில் இருந்தால், விளிம்பு 3.5 சதவீதம் பெரிதாக இருக்கும். 157.1 மி.மீ. அகலம் இருக்க வேண்டிய சுளை 158.9 ஆகிவிடும். ஒரு சுளையில் இது பொருட்டே இல்லை. பன்னிரண்டைச் சேர்த்துச் சுற்றினால் 22 மி.மீ. மிஞ்சுகிறது. காகிதத்தில் அச்சடித்து, கோளத்தின் மேல் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தபோது, கடைசிச் சுளை முதல் சுளையின் மேல் ஒரு விரல்கடைக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. இந்த அன்ராப் முறைகள் திரையில் ஓடும் உருவங்களுக்குத் துணி போர்த்தப் பிறந்தவை. அங்கே ஒரு பிக்சல் 3.5 சதவீதம் பெரிதானால் யாருக்கும் நட்டமில்லை. கையால் ஒட்டும் பொருளுக்கு மி.மீ. கணக்கு வேண்டும்.

ரைனோ என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அன்ரோல் கட்டளை குழாய், கூம்பு போன்றவற்றுக்கே உரியது. இரு திசையிலும் வளைந்த பரப்புக்கு ஸ்மாஷ், ஸ்க்விஷ் என்று வேறு இரண்டு உண்டு. ஸ்க்விஷில் இழுவையை மட்டும் அனுமதி, சுருக்கத்தை மட்டும் அனுமதி என்றெல்லாம் சொல்ல வழியிருக்கிறது. இது மிக நல்ல வசதி. ஆனால் கோளம் தட்டையாகும்போது இழுபடுவதும், தட்டை கோளமாகும்போது இழுபடுவதும் நேர் எதிரானவை. தெரிவின் பெயரைப் படித்தவுடன் நம்பாமல், வெளிவந்த வடிவத்தின் விளிம்பை அளந்து பார்த்தபிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாம் முயற்சி: நேர் வரிசைகள்

அடுத்ததாக, மென்பொருளை ஒதுக்கிவிட்டு நானே ஒரு சிறிய நிரல் எழுதினேன். கணக்கு எளிது. ஒவ்வொரு அட்சரேகையிலும் சுளையின் அகலம், நடுக்கோட்டு அகலமான 157.1-ஐ அந்த அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் வருவது. ஒவ்வொரு அட்சரேகையையும் ஒரு நேர் வரிசையாக அடுக்கினேன். சுற்றளவு மிகச் சரியாக வந்தது. இதுதான் வழி என்று நம்பி, 10 டிகிரிக் கட்டங்களோடு வினைலிலேயே இரண்டு சுளைகளை அச்சடித்து ஒட்டிப் பார்த்தோம்.

45 டிகிரி அட்சரேகைக் கோடு வளையமாக ஓடவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் நடுக்கோட்டின் பக்கம் சரிந்து, கூடாரத் துணியின் ஓரம்போல அலையலையாகத் தொங்கியது. அளந்தால் மூட்டில் 5 மி.மீ. இறக்கம். இரண்டு பக்கத்துச் சுளைகளும் சமமாக இறங்கியதால் கோடு துண்டாகவில்லை, ஆனால் மூட்டில் கிட்டத்தட்ட 21 டிகிரி முறிந்து நின்றது. அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்திருந்தால் இதய வடிவத்துக்கு வந்திருக்கும்.

இதற்குக் காரணம் யோசித்தால் விளங்கும். சுளையை நடுவரியில் ஒட்டிவிட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் ஸ்க்வீஜியால் (தேய்த்து ஒட்டும் பட்டை) தேய்க்கிறோம். வினைல் தனக்கு இயல்பான நேர் வழியில் போகிறது. கோளத்தின் மேல் நேர் வழி என்றால் பெருவட்டம், கோளத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம். விமானங்கள் போகும் பாதை அது. 45 டிகிரி அட்சரேகையோ பெருவட்டம் அல்ல. அங்கிருந்து நேராகக் கிளம்பும் எதுவும் மெல்ல மெல்ல நடுக்கோட்டின் பக்கம் இறங்கிவிடும். அதனால் தட்டைச் சுளையில் அட்சரேகைகளை நேராக வரையக் கூடாது, துருவத்தை நோக்கிக் குழிந்த வில்லாக வரைய வேண்டும். ஒட்டும்போது அந்த வில் நிமிர்ந்து வளையமாகிவிடும்.

நிரலை மாற்றினேன். சுளையின் மேல் ஒரு புள்ளிக்கு இரண்டு அளவுகள்: நடுவரியில் எவ்வளவு தூரம் போக வேண்டும், அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பி எவ்வளவு தூரம் போக வேண்டும். ஒட்டுபவரின் கை போகிற வழியும் அதுவே. கோள முக்கோணவியலில் இரண்டு வரிக் கணக்கு. நிலப்பட வரைஞர்கள் இந்த விரிப்பைக் காஸினி விரிப்பு என்று அழைக்கிறார்கள். நடுவரி அசல் நீளம், அதற்குச் செங்குத்தான தூரங்களும் அசல் நீளம். கோடுகள் இனி வளையமாக ஓடின. பள்ளங்கள் மூட்டில் முறியவில்லை.

மிஞ்சியது 16 மி.மீ.

வினைல் ஒட்டுவதில் எனக்கு முன்னாலிருந்தே கைதேர்ந்த ஒரு அண்ணன்தான் இந்த வேலையில் என் கூட்டாளி. சோதனைச் சுளையை ஒட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நடுக்கோட்டின் அருகே, சுளை மிகவும் அகலமாக இருக்கும் இடத்தில், இரண்டு ஓரத்திலும் சிறு சிறு மேடுகள். சோளத்தட்டையின் கணுவைப் போல, ஏறக்குறைய 40 மி.மீ.க்கு ஒன்று. நகத்தால் அழுத்தினால் ஒன்று அமுங்கும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) காட்டினால் இளகும், ஆறியதும் திரும்ப எழும்.

“தம்பி, வினைல் இழுத்தா வரும். அமுக்கினா எங்க போகும்?” என்றார்.

இந்த வேலை முழுவதற்கும் அந்த ஒரு கேள்விதான் சாவி. என் சுளையின் விளிம்பு கோளத்தின் மேல் இருக்க வேண்டியதைவிட 16 மி.மீ. நீளம். நான் அந்த 16 மி.மீ.யைச் சுருங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வினைலுக்குச் சுருங்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நீள்வது. அப்படியானால் தட்டை வடிவத்தில் விளிம்பு சரியான நீளத்தில் இருக்க வேண்டும். நடு 16 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். ஒட்டும்போது நடுவை இழுத்து நீட்ட வேண்டும். கணக்கில் மொத்தப் பிழை அதேதான், காஸ் சொன்னது மாறவில்லை. அதன் கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறுகிறது.

அவசரத்தில் முதலில் செய்தது தவறு. சுளை முழுவதையும் நீளவாக்கில் ஒரே சீராக 1.7 சதவீதம் குறைத்தேன். விளிம்பின் மொத்த நீளம் கணக்கில் சரியாக வந்தது, மேடுகள் பாதியாகக் குறைந்தன, ஆனால் போகவில்லை. ஏனென்றால் விளிம்பின் மிகை எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. நடுக்கோட்டில் அது 3.5 சதவீதம், துருவத்தில் பூஜ்யம். சுளை எங்கே அகலமோ அங்கே மிகை, எங்கே ஒடுங்குகிறதோ அங்கே இல்லை. ஒரே சீராகக் குறைத்தால் நடுவில் பாதி மிச்சம் இருக்கும், முனையில் தேவையில்லாத இழுவை வரும்.

சரியான குறைப்பு இடத்துக்கு இடம் மாற வேண்டும். நடுவரியின் ஒவ்வொரு சிறு துண்டையும், அந்த இடத்தில் சுளையின் பாதி அகலம் கோளத்தின் மையத்தில் எத்தனை டிகிரி பிடிக்கிறதோ அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். நடுக்கோட்டில் பாதி அகலம் 15 டிகிரி, அதன் கொசைன் 0.966. முனைக்குப் போகப் போக அகலம் பூஜ்யத்தை நெருங்கும், கொசைன் 1 ஆகும். இப்படிச் செய்தால் விளிம்பு மொத்தத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு மி.மீ.யிலும் கோளத்தின் நீளத்துக்குச் சமமாக இருக்கிறது. பக்கத்துச் சுளைகளின் குறிகள் கீழிருந்து மேல்வரை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கணினியில் இதற்குச் சூத்திரம் தேடி அலைய வேண்டாம். 0.1 டிகிரி வீதம் நடந்து, ஒவ்வொரு அடியின் நீளத்தையும் கூட்டி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். படத்தை நிரப்பும்போது அந்தப் பட்டியலைத் திருப்பிப் படித்து, தாளின் ஒவ்வொரு புள்ளியும் நிலவின் எந்த இடம் என்று கண்டுபிடித்து, அங்கிருந்து நிறத்தை எடுக்கலாம்.

இதில் படமும் சேர்ந்தே குறுகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுக்கோட்டில், சுளையின் நடுவில், ஒரு 16 மி.மீ. பள்ளம் தாளில் அரை மி.மீ. குட்டையாக அச்சாகும். ஒட்டி இழுத்தபின் வட்டமாகும். தாளில் பார்த்து யாரும் திருத்திவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சுளையின் ஓரத்திலும் ‘அளவை மாற்ற வேண்டாம்’ என்று அச்சடித்தே அனுப்பினேன்.

மூட்டு எங்கே விழட்டும்

கணக்கு முடிந்தபின், படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலை இது. 12 சுளைக்கு 30 டிகிரிக்கு ஒரு மூட்டு. 0, 30, 60 என்று வைப்பதா, 15, 45, 75 என்று வைப்பதா?

முதல் வகையில், பூமியைப் பார்க்கும் முகத்தின் நட்டநடுவில் ஒரு மூட்டு ஓடும். கிழக்கு 60-இல் ஓடும் மூட்டு மாரே கிரிசியம் என்ற கரிய சமவெளியை நேர்பாதியாகக் கீறிவிடும். கிரிசியம் தனியாக நிற்கும் கரிய நீள்வட்டம், வெறும் கண்ணுக்கும் தெரிவது, அதை வெட்ட மனம் வரவில்லை. இரண்டாம் வகையில் அது ஒரே சுளையின் நடுவில் முழுசாக அமர்கிறது. டைக்கோ மேற்கு 11.4 டிகிரியில், மேற்கு 15-இல் வரும் மூட்டிலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதன் விளிம்புக்கும் மூட்டுக்கும் நடுவே 6 மி.மீ. மிச்சம். கோபர்நிகஸ் இன்னும் பாதுகாப்பாக 26 மி.மீ. தள்ளி. மாரே இம்ப்ரியம் மட்டும் தப்பவில்லை. ஆயிரம் கி.மீ.க்கு மேல் அகலம், எந்த வகையில் வைத்தாலும் ஒரு சுளைக்குள் அடங்காது. மேற்கு 15 மூட்டு அதன் நடுவே போகிறது. சமதளமான கருமை என்பதால் படம் அரை மி.மீ. விலகினாலும் தெரியாது என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் கரும்பரப்பில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தால் ஊரே பார்க்கும். அதற்காக வினைலுக்கு அடியில், கோளம் முழுவதும், வெள்ளைக்குப் பதில் நடுத்தரச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டோம்.

சுளைகளைத் துருவம்வரை கொண்டுபோகவில்லை. பன்னிரண்டு ஊசி முனைகள் ஒரு புள்ளியில் கூடினால் அந்த இடம் எந்தக் கைக்கும் அடங்காது. தெற்குத் துருவம் அண்ணாந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு நேராக வேறு இருக்கிறது. 75 டிகிரியில் சுளைகளை நிறுத்தி, இரு துருவத்துக்கும் ஒவ்வொரு வட்டத் தொப்பி வைத்தோம். அங்கே சுளையின் அகலம் 40 மி.மீ., கையாள வசதி. முனை நேர்கோடாக இல்லாமல் நடுவில் இரண்டரை மி.மீ. குழிந்த வில்லாக வரும், அதை நேராக வெட்டிவிடக் கூடாது. தொப்பிக்கும் அதே விதிதான். கோளத்தின் மேல் துருவத்திலிருந்து விளிம்புவரை 78.5 மி.மீ. அதையே ஆரமாக வைத்து வட்டம் வெட்டினால் சுற்றளவு 5 மி.மீ.க்கு மேல் மிஞ்சி ஓரம் சுருங்கும். 77.6 மி.மீ. ஆரத்தில் வெட்டினால் சுற்றளவு சரியாக வரும், ஆரம் மட்டும் ஒரு மி.மீ.க்கும் குறைவாக இழுபடும்.

உண்மைக் கோளம்

இவ்வளவும் 600 மி.மீ. என்ற எண்ணை நம்பிச் செய்தவை. ஃபைபர் கோளங்கள் இரண்டு அரைக்கோளங்களாக வார்த்து ஒட்டப்படுபவை. டேப் எடுத்து அளந்தோம். துருவம் வழியாகப் போகும் சுற்று 1884, நடுக்கோட்டில் 1891. ஒட்டிய இடத்தில் பட்டி தடவித் தேய்த்ததில் ஒரு மெல்லிய புடைப்பு. ஒரு சுளைக்கு அரை மி.மீ. அகலம் கூட்டினேன். இந்த ஒரு அளவை எடுக்காமல் போயிருந்தால் கடைசி மூட்டில் 6 மி.மீ. சாம்பல் கோடு தெரிந்திருக்கும். மாதிரியை வரைவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும், நான் பின்னால்தான் அளந்தேன்.

அச்சு இயந்திரத்தையும் அளக்க வேண்டும். 1000 மி.மீ. கோடு ஒன்றைத் தாள் ஓடும் திசையில் அச்சடித்தோம், 997 வந்தது. 769 மி.மீ. சுளைக்கு இது 2 மி.மீ.க்கு மேல் குறை. இயந்திரத்தில் தாள் நகர்வைத் திருத்தி, திரும்ப அச்சடித்து, 1000 வந்தபிறகே படத்தை அனுப்பினோம். 12 சுளைகளையும் ஆறு ஆறாக இரண்டு வரிசையில், எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தேன். ஒன்றைத் தலைகீழாகவும் குறுக்காகவும் செருகினால் வினைல் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தின் பிழையும் வினைலின் இழுவையும் நீளத்தில் ஒரு விதம், குறுக்கில் ஒரு விதம். எல்லாச் சுளையும் ஒரே விதமாகத் தவறினால் அவை ஒன்றோடொன்று பொருந்தும்.

வினைல் வார்ப்பு வகை, ஏறக்குறைய 50 மைக்ரான். உருளைகளில் அழுத்தித் தேய்த்துச் செய்யும் மலிவு வகைக்குப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் அதிகம், கோளத்தின் மேல் அது நாளடைவில் ஓரத்தைக் கிளப்பும். சால்வென்ட் மை என்பதால் அச்சடித்த பிறகு ஒரு முழு நாள் காற்றாட விட்டு, அப்புறம் லேமினேஷன்.

ஒட்டும் நாள்

கோளத்தை ஒரு தண்டில் மாட்டி, நடுக்கோட்டைச் சுற்றிக் காகிதப் பட்டை கட்டி, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, பென்சிலால் 12 மூட்டுக் கோடுகளும், இரு பக்கமும் 75 டிகிரி வளையங்களும் போட்டோம். சுளையின் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் 3 மி.மீ. மிகை, அடுத்தது அதன்மேல் ஏறும்.

அண்ணன் ஒரு சுளையை எடுத்து, நடுக்கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒட்டினார். நான் மேல் முனையைப் பிடித்தேன், அவர் கீழ் முனையை. முனைகள் 75 டிகிரி வளையத்தை எட்டவில்லை, இரண்டு பக்கமும் 8 மி.மீ. குறை. கணக்கில் எதிர்பார்த்ததுதான் என்றாலும், அதைக் கண்ணால் பார்த்தபோது வயிற்றில் புளி கரைத்தது. ஹீட் கன்னை நடுவரியின் மேல் மட்டும் ஓட்டினோம். வினைல் பளபளப்பு மாறி இளகிய நொடியில் மெல்ல இழுத்தோம். முனைகள் கோட்டுக்கு வந்து நின்றன. நடுவரியை முதலில் தேய்த்து, அங்கிருந்து ஓரங்களுக்கு. ஓரங்கள் இழுபடவும் இல்லை, எழும்பவும் இல்லை, தாமாகவே படுத்துக்கொண்டன. நடுக்கோட்டின் அருகே, முன்பு கணுக்கள் கிளம்பிய அதே இடத்தில், அவர் விரலை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த சுளைக்குப் போனார்.

முதல் சுளைக்கு 40 நிமிடம், ஆறாவதுக்கு 15. பன்னிரண்டாவது, முதல் சுளையின் ஓரத்தைத் தூக்கி அதன் அடியில் நுழைந்தது. 3 மி.மீ. மேலேற்றம் இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. முழுச் சுற்றுக்கும் சேர்ந்த பிழை 1 மி.மீ. எல்லாம் முடிந்தபின் மூட்டுகளின் வழியே 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு முறை சூடு காட்டினோம். இழுபட்ட வினைல் தன் பழைய நீளத்தை மறக்க இது தேவை. விட்டுவிட்டால் நாள்பட ஓரத்திலிருந்து பின்வாங்கும்.

இம்ப்ரியத்தின் நடுவே போகும் மூட்டு, அது எங்கே என்று அறிந்திருப்பதால் மட்டும் என் கண்ணுக்குத் தெரிகிறது. கிரிசியம் முழுசாக இருக்கிறது. டைக்கோவை ஒரு வட்டச் சட்டத்தால் நான்கு திசையிலும் அளந்தோம், 15 மி.மீ.யில் வித்தியாசம் தென்படவில்லை.

மூன்று மாதம் கழித்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம். நீள மூட்டுகளில் ஒன்றும் கிளம்பவில்லை. தெற்குத் தொப்பியின் ஓரத்தில் மட்டும், அடியில் இரண்டு சுளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரிடத்தில், 4 மி.மீ. அளவுக்கு வினைல் எழுந்திருந்தது. அந்த இடத்தில் தொப்பி மூன்றாவது அடுக்காக ஏறுகிறது, 5 மி.மீ. மேலேற்றம் அதற்குப் போதவில்லை. சூடு காட்டி அமர்த்திவிட்டோம். கோப்பில் தொப்பியின் மேலேற்றத்தை 8 மி.மீ. ஆக்கி, சுளை முனைகளின் மூலைகளை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, புதிய தேதியில் சேமித்து வைத்திருக்கிறேன்.